‘இரண்டு கிழமை பொறுங்கோ’ என்று சொல்லும் கேம் கடை

பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசாவும் மஜெஸ்டிக் சிட்டியும் நிற்கும் காலி வீதித் துண்டில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிற சிறிய கேம் கடையைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே போய்வருகிறேன். கடையின் பெயரை எழுதாமல் விடுவதற்குக் காரணம், இந்த மதிப்பீட்டில் பாராட்டோடு என் பெரிய மனக்குறை ஒன்றும் சேர்ந்து வருவதுதான். அந்தக் குறை கொழும்பில் கேம் விற்கிற பல கடைகளுக்கும் பொதுவானது என்பதால், அதை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

ஒரு கடையை மதிப்பிடும்போது என்ன கிடைக்கிறது, என்ன விலை, எப்படிப் பேசுகிறார்கள் என்றுதான் வழக்கமாகப் பார்ப்போம். கேம் கடைக்கு இவை போதா. வெளியீட்டு நிறுவனங்கள் பல மாதங்களுக்கு முன்பிருந்தே விளம்பரம் செய்து, பிள்ளை கடைப்படி ஏறும் முன்னரே வாங்கும் முடிவை அவன் மனத்தில் பதித்துவிடுகின்றன. ஆகவே, அந்த விளம்பரம் சொல்லாமல் விட்டதைக் கடைக்காரர் சொல்கிறாரா என்பதே என் முதல் அளவுகோல். அந்த அளவுகோலில் இந்தக் கடை பாதி தூரம் மிக நன்றாகவும், மீதித் தூரம் மிக மோசமாகவும் நடக்கிறது.

கடை பத்தடிக்குப் பத்தடி இருக்கும். இடப்பக்கக் கண்ணாடி அலுமாரியில் பழைய டிஸ்க்குகள், வலப்பக்கத்தில் புதியவை, நடுவில் ஒரு தொலைக்காட்சியோடு பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5 இரண்டும் பரிசோதிப்பதற்காக எப்போதும் இணைக்கப்பட்டிருக்கின்றன. முன்னால் காசு வாங்கும் மேசை. அதன்மேல் கண்ணாடிக்கு அடியில் பரிசு அட்டைகளினதும், கேம் கணக்கில் காசு ஏற்றும் ‘டொப்-அப்’களினதும் விலைத்தாள். முதலாளிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, முதலில் கொன்சோல் திருத்துபவராக இருந்து, பிறகு கடை போட்டவர்.

நான் அங்கே முதலில் போனது ஒரு தோல்வியோடு. வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு, அதாவது என் பெறாமகனுக்கு, பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு வேறொரு கடையில் ஒரு பந்தாட்ட கேமின் ‘டீலக்ஸ்’ பதிப்பை வாங்கியிருந்தேன். சாதாரண பதிப்பைவிடச் சுமார் 7,000 ரூபாய் கூடுதல். அந்தப் பதிப்பில் மட்டுமே கிடைக்கும் வீரர்களையும் சீருடைகளையும் காட்டும் விளம்பரத்தை அவன் மூன்று மாதங்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் அந்தக் கூடுதல் பொருட்கள் இருக்கவில்லை; அவற்றைப் பெறுவதற்கான ஒரு குறியீடு அச்சிட்ட தாள்தான் இருந்தது. குறியீட்டை அடித்தபோது கணக்கு அதை ஏற்கவில்லை. வாங்கிய கடையோ, உறை கிழிக்கப்பட்ட பெட்டியைத் திருப்பி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

பம்பலப்பிட்டிக் கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து ஒரு நிமிடத்தில் காரணத்தைச் சொன்னார். சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் கணக்குத் திறக்கும்போது வரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே இங்குள்ள பிள்ளைகள் வேறொரு நாட்டு முகவரியைக் கொடுத்துத்தான் கணக்குத் திறக்கிறார்கள். டிஸ்க் எந்த நாட்டிலும் ஓடும். ஆனால் டிஸ்க் ஒரு பிராந்தியத்துக்கு உரியதாகவும் கணக்கு இன்னொரு பிராந்தியத்துக்கு உரியதாகவும் இருந்தால், பெட்டிக்குள் இருக்கும் குறியீடு அந்தக் கணக்கில் வேலை செய்யாது. எங்களுக்கு நடந்தது அதுதான். இதைச் சொன்னதற்கு அவர் காசு எதுவும் கேட்கவில்லை. நாங்கள் அங்கே எதையும் வாங்கியிருக்கவும் இல்லை. டீலக்ஸ் பெட்டி எதை வாங்கினாலும் முதலில் கணக்கு எந்த நாட்டுக்குரியது என்று பார்த்துக்கொண்டு வரும்படி பையனிடம் சொல்லி அனுப்பினார். அவன் வழியெல்லாம் “பரவாயில்லை பெரியம்மா” என்று என்னைத் தேற்றிக்கொண்டு வந்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. விற்றவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்றைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை தன்னுடைய பிழையாக எடுத்துக்கொண்டான்.

இந்தக் கடையின் முதற்சிறப்பு, அது முற்பதிவு எடுப்பதில்லை என்பது. புதிய கேம் ஒன்று வெளிவருவதற்கு முன்னர் முற்பணம் கட்ட வருபவர்களிடம், “வரட்டும் அக்கா, வந்து இரண்டு கிழமை போகட்டும், பொறுங்கோ” என்பார். பணம் கையில் வந்தபிறகு வேண்டாம் என்று சொல்லும் வணிகரை நான் கொழும்பில் அதிகம் கண்டதில்லை. ஏன் இப்படிச் செய்கிறார் என்று கேட்டபோது அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது சைபர்பங்க் 2077.

அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கேம் விற்பனை விளம்பரம் வாங்குபவரை எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. போலந்தின் சீ டீ ப்ரொஜெக்ட் நிறுவனம் தயாரித்த அந்த கேம் 2020 டிசெம்பர் 10ஆம் திகதி வெளியானது. அதற்கு முன்னரே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட முற்பதிவுகள் சேர்ந்துவிட்டதாக நிறுவனமே அறிவித்தது. விமர்சகர்களுக்கு வெளியீட்டுக்கு முன் கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்பு மட்டுமே. அவர்கள் தாங்கள் விளையாடிய காட்சிகளைக் காட்டவும் அனுமதிக்கப்படவில்லை, நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. வீட்டில் பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் தங்கள் கொன்சோலில் அது எப்படி ஓடும் என்று வெளியீட்டு நாள்வரை பார்க்கவே முடியவில்லை. பார்த்தபோது, உருவங்கள் மங்கின, படம் திக்கித்திக்கி ஓடியது, கேம் இடையிடையே நின்றது. ஒரு கிழமைக்குள் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அது மீண்டும் அந்தக் கடைக்கு வந்தது 2021 ஜூனில்.

அந்த முற்பதிவுகளைச் செய்தவர்கள் ஏமாளிகள் அல்லர். தாங்கள் நேசித்த முந்தைய கேம்களைச் செய்த நிறுவனத்தை நம்பினார்கள், அவ்வளவுதான். தீர்மானிப்பதற்குத் தேவையான ஒரேயொரு தகவல், அதாவது தங்கள் கொன்சோலில் எடுக்கப்பட்ட உண்மையான காட்சி, அவர்களின் பணம் போய்ச்சேரும் வரை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அந்த கேம் திருத்தப்பட்டு நன்றாகவே ஓடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடையின் பழைய டிஸ்க் வரிசையில் அது இருக்கிறது, முதலாளி அதை இப்போது தயங்காமல் சிபாரிசு செய்கிறார்.

டொலர் கணக்கில் பார்த்தால் இரண்டு கிழமைப் பொறுமையின் பெறுமதி இங்கே இன்னும் கூடுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதமளவில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. அதே காலத்தில் உலகச் சந்தையில் புதிய பெரிய கேம்களின் விலையும் 60 டொலரிலிருந்து 70 டொலருக்குப் போய்க்கொண்டிருந்தது. 12,000 ரூபாய்க்கு நிகராக இருந்த ஒரு பொருள், இறக்குமதிச் செலவும் கடைக்காரர் இலாபமும் சேர்வதற்கு முன்பே 25,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இப்போது டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 21,000 ரூபாய். ஒரு நடுத்தரக் குடும்பம் பிள்ளைக்காக ஆண்டில் ஒரு முறை எடுக்கும் செலவு அது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ கைமாறி வந்த டிஸ்க்கை முற்பணம் கட்டி வாங்கியவர், அது சரியில்லை என்று கண்டபின் யாரிடம் போய்ப் பணம் கேட்பார்?

கணினி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் இதே கடைக்காரர், கேமின் குறியீட்டைத் தன்னிடம் வாங்க வேண்டாம், பெற்றோரின் வங்கி அட்டையால் ஸ்டீம் என்ற இணையக் கடையில் நேராக வாங்குங்கள் என்று சொல்வதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஸ்டீமில் வாங்கிய கேமை இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், வாங்கி 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். 2015 ஜூனில் வந்த அந்த வசதி கடையில் வாங்கிய குறியீட்டுக்குப் பொருந்தாது. தன் வியாபாரத்தை இழந்து இன்னொரு இடத்துக்கு வழி காட்டுகிறார் என்பதால் அவர்மீது எனக்கு மரியாதை கூடியது.

விளம்பரம் என்பது தொலைக்காட்சியிலும் சுவரிலும் ஒட்டியிருப்பது மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். பிள்ளைகள் நம்புவது யூடியூபில் விளையாடிக் காட்டுபவர்களை. அங்கேயும் விற்பனை நடக்கிறது. ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ கதையுலகைக் களமாகக் கொண்ட ‘ஷேடோ ஒஃப் மோர்டோர்’ என்ற 2014ஆம் ஆண்டு கேமுக்காக, வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் புகழ்பெற்ற யூடியூபர்களுக்குச் சில நூறு டொலர் தொடக்கம் பல்லாயிரம் டொலர் வரை கொடுத்து, நல்லதாகவே பேசவேண்டும், பிழைகளைக் காட்டக்கூடாது என்று கேட்டிருந்தது. பணம் வாங்கிய விபரம் பல காணொளிகளில் அழுத்தித் திறந்தால் மட்டும் தெரியும் குறிப்புப் பகுதிக்குள் ஒதுங்கியிருந்தது. 2016இல் அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்தின்மீது குற்றஞ்சாட்டி, இனி அப்படிச் செய்வதில்லை என்ற இணக்கத்தை வாங்கியது. கைத்தொலைபேசியில் வரும் புதிர் கேம் விளம்பரங்களோ இன்னொரு வகை: விளம்பரத்தில் காட்டப்படும் ஆட்டம் ஒன்று, தரவிறக்கம் செய்தபின் கிடைக்கும் ஆட்டம் வேறொன்று. 2020இல் பிரித்தானியாவின் விளம்பரத் தரநிலை அமைப்பு ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் ஆகிய இரண்டின் விளம்பரங்களை இந்தக் காரணத்துக்காகவே தடுத்தது.

கடைக்குத் திரும்புவோம். இங்குள்ள டிஸ்க் ஒவ்வொன்றின் உறையிலும் முதலாளி கையால் எழுதிய ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும்: இணையம் இல்லாமல் ஓடுமா, டிஸ்க்குக்கு மேலதிகமாக எவ்வளவு தரவிறக்கம் செய்யவேண்டும், எந்தப் பிராந்தியத்துக்கு உரியது. பெட்டியின் முன்புறத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியவை இவைதாம். நிறுவனங்கள் அவற்றைப் பின்புறத்தில் ஊசிமுனை எழுத்தில் அச்சிடுகின்றன. 2022இல் வந்த ‘கோல் ஒஃப் டியூட்டி: மொடேர்ன் வோர்ஃபேர் 2’இன் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் இருந்தது 100 மெகாபைட்டுக்கும் குறைவான தரவு, மீதி முழுவதையும் இணையத்தில் இறக்க வேண்டும். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்த இணைய இணைப்பில் வாழும் வீட்டுக்கு அது எத்தனை நாள் தரவு என்பதை விலையோடு சேர்த்துக் கணக்கிட்டாக வேண்டும். உபிசொஃப்டின் ‘த க்ரூ’ என்ற கார்ப் பந்தய கேமை இணையத்தில் இயக்கிய வழங்கிகள் (சேர்வர்கள்) 2024 மார்ச் 31ஆம் திகதி மூடப்பட்டன. தனியாக விளையாடுபவருக்கும் இணையம் தேவைப்பட்ட கேம் அது என்பதால், பத்தாண்டுக்கு முன் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அன்றோடு வெறும் தட்டாகிவிட்டது. இந்தக் கடையின் பழைய டிஸ்க் அலுமாரியில் அதன் இரண்டு பிரதிகள் இருந்தன. அடுத்த முறை போனபோது அவற்றைக் காணவில்லை. கேட்டேன், எடுத்து எறிந்துவிட்டேன் என்றார்.

நம் நாடு பிளேஸ்டேஷன் நெட்வொர்க் பட்டியலில் இல்லாததன் விளைவு டீலக்ஸ் பெட்டியோடு நிற்பதும் இல்லை. 2024 பெப்ரவரியில் கணினிக்கு வந்த ‘ஹெல்டைவர்ஸ் 2’ அந்தப் பட்டியலில் இல்லாத நாடுகளிலும் விற்கப்பட்டது. மூன்று மாதங்கள் கழித்து, விளையாடத் தொடர்வதற்கு பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்குக் கட்டாயம் என்று சோனி அறிவித்தது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் சில நாட்களிலேயே அந்த முடிவு கைவிடப்பட்டாலும், அந்தச் சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளில் விற்பனை நிறுத்தப்பட்டது. அப்படியான நாடுகளில் இலங்கையும் ஒன்று. விற்கும்போது திறந்திருந்த கதவு, விற்றபின் மூடப்பட்டது.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். இதை எழுதத் தூண்டியது அதுதான்.

கிழமை நாட்களில் பிற்பகல் 2 மணிக்கு மேல் அந்தக் கடைக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளைச் சீருடையில், தோளில் புத்தகப் பையோடு, ரியூசன் தொடங்குவதற்கு இடையிலுள்ள நேரத்தில் பையன்கள் வருவார்கள். டிஸ்க் அலுமாரியின் பக்கம் அவர்கள் திரும்புவதில்லை. மடித்து வைத்த 500 ரூபாய்த் தாளை மேசையில் வைத்து, தங்கள் கேம் கணக்கு இலக்கத்தைச் சொல்வார்கள். முதலாளி கைத்தொலைபேசியில் அடிப்பார். ஒரு நிமிடத்தில் “வந்திட்டுது தம்பி” என்பார். பையன் தன் தொலைபேசியில், கேமுக்குள் காசாகப் பயன்படும் டயமண்டின் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்துக்கொண்டே படியிறங்குவான். எவ்வளவுக்கு, எதற்கு, வீட்டில் தெரியுமா என்ற எந்தக் கேள்வியும் இல்லை. 20,000 ரூபாய் டிஸ்க் வாங்க வருகிற பெரியவரிடம் இரண்டு கிழமை பொறுக்கச் சொல்லும் அதே வாய், 500 ரூபாயோடு வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் ஒன்றும் சொல்வதில்லை.

இலவசம் என்று விளம்பரப்படுத்தப்படும் இந்த கேம்களின் விற்பனை, கேமை இறக்கியபின்தான் தொடங்குகிறது. உண்மைக் காசு முதலில் டயமண்டாகவோ நாணயமாகவோ மாறும். அந்த மாற்றத்தோடு ரூபாயில் யோசிக்கும் பழக்கம் விட்டுப்போகிறது. அடுத்தது, விற்கும் பொதியின் அளவும் பொருளின் விலையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் வைக்கப்படும். ஃபோர்ட்நைட் என்ற கேமில் நெடுங்காலம் ஒரு பொதி 1,000 வீ-பக்ஸ் (அந்த கேமின் நாணயம்), அடுத்த பொதி 2,800. பல உடைகளின் விலையோ 1,200. 1,000 வாங்கினால் போதாது, இரண்டு வாங்கினால் 800 மிஞ்சும். மிஞ்சியது அடுத்த முறை வாங்குவதற்கான தூண்டிலாகக் கணக்கிலேயே கிடக்கும். அந்தப் பொருளின் விற்பனை முடிய எவ்வளவு இருக்கிறது என்று கீழே நேரம் ஓடிக்கொண்டிருக்கும்: இன்னும் 11 மணித்தியாலம், இன்னும் 3 மணித்தியாலம். இவற்றுக்கெல்லாம் மேலாக, என்ன கிடைக்கும் என்று தெரியாமலே காசு கட்டிச் சுழற்றும் சக்கரமும் திறக்கும் பெட்டியும்.

கைத்தொலைபேசியில் விளையாடும் ஒரு பந்தாட்ட கேமில், ஒரு குறிப்பிட்ட வீரனின் அட்டைக்காக, என் பெறாமகன் இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 11,000 ரூபாய் செலவழித்திருந்தான். சித்திரைப் புத்தாண்டுக்குக் கிடைத்த கைவிசேடம் முழுவதும், பேருந்துக்குக் கொடுத்த காசும், இடைவேளைச் சாப்பாட்டுக் காசும் அதில் போயிருந்தன. அவன் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சுழற்றிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டு, ஐந்து கோட்டுக்கு ஒரு வெட்டுப் போட்டு வைத்திருந்ததைத் தங்கை கண்டபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. இத்தனை தடவை சுழற்றியாகிவிட்டது, இனி விட்டால் போட்டதெல்லாம் வீண் என்று அவன் சொன்னான். பெரியவர்கள் சூதாட்ட மேசையில் சொல்லும் சொல்லைப் பதின்மூன்று வயதில் அவன் சொல்லக் கேட்டு நான் அன்றிரவு தூங்கவில்லை. அந்த அட்டை அவனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த 11,000 ரூபாயில் பெரும்பகுதி சேர்ந்தது நான் மதிக்கும் இந்தக் கடையின் மேசைமேல்.

பிற நாடுகளில் இதற்கு எதிராகச் சட்டம் அசையத் தொடங்கி நெடுநாளாகிறது. கைத்தொலைபேசி கேம்களில், காசு கட்டி என்ன வரும் என்று தெரியாமல் எடுக்கும் சீட்டுகளைத் தொகுதியாகச் சேர்த்தால் பரிசு தரும் ஒரு வகை ‘கச்சா’ முறையை ஜப்பான் 2012இலேயே நிறுத்தியது. காசு கட்டித் திறக்கும் பரிசுப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் முடிவெடுத்தது, அதன்பின் ஈ.ஏ. நிறுவனம் 2019 ஜனவரி இறுதியோடு தன் பந்தாட்ட கேமின் நாணயமான ஃபீஃபா பொயின்ட்ஸின் விற்பனையை அந்நாட்டில் நிறுத்திக்கொண்டது. ஃபோர்ட்நைட்டின் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசெம்பரில், மேலே சொன்ன அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு செய்த இணக்கத்தின்படி 52 கோடி டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி, ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினாலே காசு வெட்டப்படும் வகையில் திரை அமைத்ததாலும், பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளைகளை வாங்கவிட்டதாலும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கானது. ‘கென்ஷின் இம்பெக்ட்’ கேமின் வெளியீட்டாளர் 2025 ஜனவரியில் அதே ஆணைக்குழுவோடு 2 கோடி டொலர் கட்டுவதற்கும், 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதமின்றிப் பரிசுப் பெட்டி விற்காதிருப்பதற்கும் இணங்கினார். அதே ஆண்டு மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள், கேமுக்குள் விற்கும் பொருட்களின் விலையை உண்மைக் காசில் தெளிவாகக் காட்ட வேண்டும், தேவைக்கு மேல் நாணயம் வாங்கும்படி பொதிகளை அமைக்கக்கூடாது என்று நெறிகள் வகுத்தார்கள்.

இவை எதுவும் காலி வீதி மேல்மாடியிலுள்ள மேசைவரை வந்து சேரவில்லை. நம்மிடம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையை அதன் 30ஆம் பிரிவு தடைசெய்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அரிசிக்கும் பால்மாவுக்கும் அந்த இலக்கத்தை அழைக்கத் தயங்காத நாம், கேம் பெட்டிக்கும் டயமண்டுக்கும் அழைக்கலாம் என்று நினைத்தே பார்ப்பதில்லை. நானும் நினைத்ததில்லை, டீலக்ஸ் பெட்டியை விற்ற கடையைப் பற்றி அன்றே முறையிட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

கொப்பியைக் கண்ட கிழமையே நான் கடைக்குப் போய் முதலாளியோடு பேசினேன். அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. “நான் விக்காட்டி அங்கால கடையில விப்பினம் அக்கா. பெடியன் அங்க போவான்” என்றார். டிஸ்க் விற்பனை குறைந்துகொண்டு போகிறது, மக்கள் இணையத்திலேயே வாங்குகிறார்கள், கடை வாடகையை இந்தச் சின்னக் காசுதான் கட்டுகிறது என்றும் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. 2023இல் வந்த ‘அலன் வேக் 2’ போன்ற பெரிய கேம்களே வெளிவரும்போது டிஸ்க் இல்லாமல் வருகின்றன. டிஸ்க்கை நம்பி இருக்கும் கடைக்காரரை நிறுவனங்கள் கைவிட்டுவிட்டு, அவருக்கு மிச்சம் வைத்திருப்பது பிள்ளைகளின் 500 ரூபாய்த் தாள்களில் கிடைக்கும் சிறு தரகு மட்டுமே. அவருடைய நிலை எனக்குப் புரிகிறது. அதற்காக அவர் செய்வதைச் சரி என்று எழுத என்னால் முடியாது. ஒரு கேள்வி கேட்பதற்கு அவருக்குச் செலவில்லை. கேட்டால் பத்துப் பேரில் இருவராவது வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள். அந்த இருவர் அடுத்த கடைக்குப் போகக்கூடும், போகாமலும் விடக்கூடும். டிஸ்க் உறையில் மூன்று வரி எழுதி ஒட்டும் பொறுமை உள்ளவருக்கு இது பாரமான வேலையாக இருக்காது என்று அவரிடமே சொன்னேன்.

போக விரும்புவோருக்குச் சில விபரங்கள். பழைய டிஸ்க் எதையும் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கலாம். கீறல் இருந்தால் அவரே சொல்லிவிடுவார். வாங்கிய பழைய டிஸ்க்கை ஒரு கிழமைக்குள் கொண்டுபோனால், சிறு தொகை கழித்துக்கொண்டு வேறொன்றுக்கு மாற்றித் தருகிறார். பற்றுச்சீட்டைக் கேட்டால் கையால் எழுதித் தருவார், கேட்டு வாங்குங்கள். வங்கி அட்டை எடுப்பதில்லை. போயா நாட்களில் பூட்டு. மின்தூக்கி பெரும்பாலும் வேலை செய்யாது, முதியவர்கள் படியேற வேண்டியிருக்கும். புதிய டிஸ்க்குகளின் விலை அயற்கடைகளைவிடச் சில நூறு ரூபாய் கூடவே இருக்கும். உறையில் ஒட்டியிருக்கும் தாளுக்காக அதை நான் மனமாரக் கொடுக்கிறேன். பிள்ளையைத் தனியே காசோடு அனுப்புவதாக இருந்தால், இந்தக் கடையையும் சேர்த்து எந்தக் கேம் கடைக்கும் அனுப்பாதீர்கள்.

கடந்த மாதம் பெறாமகனோடு மறுபடி போயிருந்தேன். அவன் தன் பழைய டிஸ்க்குகள் இரண்டைக் கொடுத்து ஒன்றை எடுத்தான். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த டொப்-அப் விலைத்தாள் மாறியிருந்தது. பொதிகளின் விலைக்குப் பக்கத்தில், நீல மையில், முதலாளியின் கையெழுத்தில், இதற்கு என்ன வாங்கலாம், எவ்வளவு மிஞ்சும், சுழற்றினால் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை என்று எழுதப்பட்டிருந்தது. சீருடையோடு வந்த இரண்டு பையன்கள் குனிந்து அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் காசைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தான்; மற்றவன் இலக்கத்தைச் சொன்னான், முதலாளி அடித்துக் கொடுத்தார். வீட்டில் தெரியுமா என்ற கேள்வியையும் அந்தத் தாளில் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.